உதுக்கு இங்கிலீசில் சொல் இல்லை

கைக்குள் இருந்தால் திஸ். கைக்கு எட்டாவிட்டால் தட். கைக்குள் பலது இருந்தால் தீஸ், எட்டாத தூரத்தில் பலது கிடந்தால் தோஸ். நாலே நாலு சொல், இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். அவர்களுக்கென்ன, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜெயகௌரி குசினி வாசற்படியில் இருந்து, சுளகை மடியில் வைத்து, இரவு வறைக்கு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். திஸ் இஸ் எ சுளகு. சுளகுக்கு இங்கிலீசில் என்ன பெயர் என்று றெஜினா ரீச்சருக்கே தெரியுமோ தெரியாது, வெள்ளைக்காரன் எங்கே அரிசி புடைத்தான். தீஸ் ஆர் லீவ்ஸ். காம்பிலிருந்து உருவின இலை சுளகில் விழுந்தபின்னும் தீஸ்தான், மடி இருக்குமிடம்தானே சுளகும். தட் இஸ் எ கேட். பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லி வாய் மூடவில்லை, பூனை குதித்து வந்து அவள் காலில் உரசியது. இப்போது திஸ் இஸ் எ கேட். பூனைக்கென்ன, நினைத்தால் தட், நினைத்தால் திஸ். மனிசருக்குத்தான் விசா வேண்டிக் கிடக்கிறது. தோஸ் என்ற சொல் மட்டும் அவளுக்கு இன்னும் வாய்க்குப் பழகவில்லை. தோஸ் என்றதும் செவ்வாய்தோஷம்தான் முன்னால் வந்து நிற்கும். எட்டில் செவ்வாய் என்று சாத்திரியார் சொன்னதிலிருந்து கோண்டாவிலில் அவளுக்குப் பேசிவந்த கலியாணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குழம்பி, கடைசியில் அதே எட்டில் அதே செவ்வாயோடு லண்டனில் இருந்த குகதாசனுக்குத்தான் பொருந்தியது. வந்தார், தாலி கட்டினார், ஒரு மாதம் இந்த வீட்டில் இருந்தார், போனார். அதற்குப் பிறகு மூன்று ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சியாகிவிட்டது. குசினியில் உப்புப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போன் இன்னும் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு விடிந்து, இவளுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் எடுப்பார்.

தீஸ் ஆர் லீவ்ஸ், தட் இஸ் எ வெல். கிணறு தூரத்தில் இருக்கிறது, சந்தேகமில்லை, தட்தான். ஆனால் கிணற்றடியில் மாமி, அவரைப் பெத்தவ, நின்றால், மாமிக்குக் கிட்டக் கிணறு இருந்தால், கௌரி மாமியோடு கதைத்தால், அந்தக் கிணறு அதுவா? உதுவல்லவா? உந்த வாளியைக் கொண்டு வாங்கோ மாமி என்றுதானே சொல்லுவோம். எனக்குக் கிட்ட இருந்தால் இது, ஒருவருக்கும் கிட்ட இல்லையென்றால் அது, உனக்குக் கிட்ட இருந்தால் உது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கொக்குவில் சந்தியில், தையற்கடைக்கு மேல்மாடியில் நடக்கிற வகுப்பில் இதைக் கேட்டபோது றெஜினா ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. "பிள்ளை, இங்கிலீசுக்கு உது இல்லை. இந்தியாக்காரருக்கே உது மறந்து போச்சு, வெள்ளைக்காரன் என்னத்தைக் கண்டான்? உன்ர கைக்குக் கிட்ட இல்லாட்டி எல்லாம் தட். கண்ணை மூடிக்கொண்டு தட் எண்டு சொல்லு." அதெப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது? முன்னுக்கு இருக்கிற ஆளின் மடியில் கிடப்பதும் தட், ஆகாயத்தில் நிற்கிற நிலவும் தட் என்றால், முன்னுக்கு இருக்கிற ஆளுக்கு என்ன மரியாதை? ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பதற்கென்று ஒரு சொல் வைத்திருக்க வேண்டாமா? கல்நெஞ்சுப் பாஷை. இந்த உதுதான் அவளைக் கொழும்பில், விசாவுக்கான இங்கிலீசுச் சோதனையில் கவிழ்த்தது. குளிரூட்டிய அறை, மேசைக்கு அந்தப் பக்கம் சந்தன நிறச் சேலை கட்டின ஒரு பெண், நல்ல முகம்தான், பயப்படுத்துகிற முகமே இல்லை. பெயர் கேட்டா, சொன்னாள். ஊர் கேட்டா, சொன்னாள். பிறகு தன் கைக்குப் பக்கத்தில் இருந்த பூச்சாடியைத் தொட்டு ஏதோ கேட்டா. கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும். ஆனால் சொல்லத் தொடங்கும்போது உது என்று மனம் எழும்பியது, எழும்பினதை வைக்க இங்கிலீசில் இடமில்லை, திஸ் என்று பார்த்தாள், அது தன் பக்கம் இல்லை, தட் என்று பார்த்தாள், அவ்வளவு தூரம் இல்லை, அந்தப் பெண் மூச்சு விடுகிற தூரத்தில் இருக்கிற சாடியை எப்படித் தட் என்று தள்ளுவது. வாய் திறந்தபடி நின்றது. அந்தப் பெண் இன்னொரு முறை மெதுவாகக் கேட்டா. இன்னொரு முறையும் வாய் திறந்தது. அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவளுக்கு வாய் வரவில்லை, நேரம் முடிந்தது. நல்ல காலம் சாடியில் இருந்தது பிளாஸ்ரிக் பூ. உயிருள்ள பூவென்றால் இவள் விழித்த விழியில் வாடிப்போயிருக்கும்.

அது போகட்டும். சோதனை பெயில் என்றால் இன்னொரு தரம் எழுதலாம், அதற்குத்தானே இந்த முருங்கையிலையோடும் பூனையோடும் மாரடிக்கிறது, வருகிற கிழமை மறுபடி கொழும்பு. போகாமல் நெஞ்சுக்குள் நிற்பது வேறொன்று. பெயில் என்ற செய்தியை வெள்ளவத்தையில், தெரிந்தவர்கள் வீட்டுப் படிக்கட்டில் இருந்து அவருக்குச் சொன்னாள். இஞ்சேருங்கோ, நான் பாஸாகேல்லை. அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, "பறவாயில்லை, விடு, அடுத்த முறை பாப்பம்." நல்ல வார்த்தைதான். ஏசவில்லை, செலவைச் சொல்லிக் காட்டவில்லை. எத்தனை பேரின் புருசன்மார் என்னென்ன சொல்லுவார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள், அதோடு பார்த்தால் இவர் தங்கம். ஆனால் அந்த மூச்சு. கவலைப்பட்டவன் விடுகிற மூச்சா அது? சந்தையிலிருந்து சாக்கைத் தோளில் சுமந்து வந்தவன் படலையடியில் அதை இறக்கி வைத்துவிட்டு ஒன்று விடுவானே, அப்படி அல்லவா இருந்தது. கௌரி இலை உருவுகிற கையை நிறுத்தி, கவலையாக ஒரு மூச்சு விட்டுப் பார்த்தாள். பிறகு நிம்மதியாக ஒன்று விட்டுப் பார்த்தாள். பூனை ஏறிட்டுப் பார்த்தது. கவலை மூச்சு கீழே போய் அங்கேயே நிற்கிறது. நிம்மதி மூச்சுக்கு முடிவில் ஒரு சின்ன வால் இருக்கிறது. அவர் விட்டதில் வால் இருந்தது. இல்லை, இருந்திராது, போனில் என்ன கேட்கும், லண்டன் மூச்சு கடலெல்லாம் தாண்டி வரும்போது எப்படியும் திரிந்துதான் வரும். இருந்தது. இரவில் படுத்துக்கொண்டு கேட்டாலும் இருந்தது, கோயிலில் தீபம் காட்டும்போது கேட்டாலும் இருந்தது. நான் பெயிலானது இவருக்கு நிம்மதி. நான் வராமல் இருப்பது இவருக்கு வசதி. ஏன் வசதி? அந்த ஏன் என்ற இடத்துக்கு வந்ததும் கௌரியின் மனம், ஒழுங்கையில் நாயைக் கண்ட பிள்ளைபோல் திரும்பி ஓடிவிடும். தீஸ் ஆர் லீவ்ஸ். தீஸ் ஆர் மை ஹாண்ட்ஸ்.

திஸ் இஸ் மை ஹஸ்பண்ட். இதுவும் ஒரு பாடம். படத்தைக் கொண்டு வாங்கோ என்று ரீச்சர் சொல்லி, எல்லோரும் கலியாணப் படத்தைக் கொண்டுபோய், ஒவ்வொருவராக எழும்பிக் காட்டினார்கள். கௌரிக்கு வாய் கூசியது. இது என் புருசன் என்று, கட்டின ஆட்டைக் காட்டுகிற மாதிரி எப்படிச் சொல்வது? "இவர் எண்டு சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லையோ ரீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. "அங்கை ராசாவும் திஸ்தான், ஆட்டுக்குட்டியும் திஸ்தான். நீ போய் உன்ர மனுசனைக் காதுக்குள்ளை இவர் எண்டு கூப்பிடு, ஆர் தடுக்கிறது?" என்றா ரீச்சர். அதுதான் விஷயம். கௌரி அவரை எப்போதும் இவர் என்றுதான் சொல்லுவாள். ஊரில் எந்தப் பெண்தான் புருசனைப் பெயர் சொல்லுகிறாள்? இவர் எடுத்தவர், இவர் சொன்னவர், இவருக்குப் பலாக்கொட்டை விருப்பம். ஆள் லண்டனில் இருந்தாலும் இவர்தான், பக்கத்தில் கதிரையில் இருக்கிற மாதிரித்தான். மூன்றாம் வீட்டுப் பவளக்காவின் மனுசனைச் சண்டை முடிகிற நாளில் ஆமி கையைக் காட்டி ஏற்றிக்கொண்டு போனதை எல்லோரும் கண்டார்கள், திரும்பி வந்ததை ஒருவரும் காணவில்லை. இன்றுவரைக்கும் பவளக்கா இவருக்கு உறைப்புக் கூடாது என்று சொல்லித்தான் குழம்பு வைப்பா, கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட சொல். அந்தச் சொல் கௌரியின் வாயில் போன கிழமை தவறிவிட்டது. தம்பி எடுத்தவனோ என்று மகனைப் பற்றி மாமி கேட்டா. "அவர் எடுக்கேல்லை மாமி," என்றாள். அவர். சொல்லிவிட்டுத்தான் காதில் விழுந்தது. மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவின விரலை அப்படியே வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தா. மாமிக்கு நாக்கு நீளம், எதையும் விடமாட்டா, அவ ஒன்றும் கேட்காமல் விட்டதுதான் கௌரியைப் பயப்படுத்தியது. ஒரு மூச்சினால் இவர் அவராகிவிட்டார். வகுப்பில் வேறு, அவர் ஹவுஸ், அவர் ஹவுஸ் என்று ரீச்சர் சொல்லித்தந்தா, எங்கட வீடு என்று அர்த்தமாம். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், கௌரிக்கு ஒவ்வொரு தரமும் அவர் வீடு, அவர் வீடு என்றுதான் கேட்டது. எங்கட என்பதற்கு இந்தச் சொல்லா கிடைத்தது இவர்களுக்கு.

அவர் வீடு எப்படி இருக்கும்? மூன்று அறை வீடு என்பது மாமியின் கணக்கு. மாமி அதை ஊருக்கெல்லாம் சொல்லி, சொல்லச் சொல்ல இப்போது பின்னால் ஒரு தோட்டமும் முளைத்துவிட்டது. இவர் கௌரிக்குச் சொன்னதெல்லாம், இஞ்சை இடம் இருக்கு, நீ வா, பாப்பம் என்றுதான். அவள் கண்டது ஒரு சுவர். மூன்று வருஷமாக ஒரே வெள்ளைச் சுவர், அதில் கறுப்பாக ஒரு கீறல், அதற்கு முன்னால் அவர் முகம். தலை வாரி இழுத்திருக்கிறாரா, தாடி வளர்ந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழ் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்ச நேரத்துக்குச் சுவரைத்தான் பார்ப்பாள், அந்தக் கீறலை இப்போது அவளால் கண்ணை மூடிக்கொண்டு கீறிக் காட்ட முடியும். குரல் கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி முழங்கும். பெரிய வீடு, சாமான் இல்லாத வீடு, அதனால்தான் முழங்குகிறது என்று முதல் வருஷம் நினைத்து, அந்த வெறும் வீட்டுக்கு அவளே மனத்துக்குள் திரைச்சீலை போட்டாள், சுவாமி அறை ஒன்று ஒதுக்கினாள், யன்னலடியில் கறிவேப்பிலை வைத்தாள். பெயிலான பிறகு திரைச்சீலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று எப்போதும் அதற்கு முன்னாலேயே நிற்கிறார்? சுவருக்கு மற்றப் பக்கம் யார்? கதைத்துக்கொண்டிருக்கும்போது சிலவேளை திரும்பிப் பார்ப்பாரே, கண் யாரையோ விலகச் சொல்லுமே, யாரை? பக்கத்தில் ஆர் என்று கேட்கலாம். உங்கை ஆர் நிக்கினம்? உங்கே. அவருக்குக் கிட்ட, அவள் கைக்கு எட்டாமல், ஆனால் நிலவைப்போல் தூரத்திலும் இல்லாமல், அவருக்கு மட்டும் கிட்ட. பார், வெள்ளைக்காரனுக்குச் சொல் இல்லாத இடத்திலேயே இவளுடைய பயம் எல்லாம் போய்க் குந்தியிருக்கிறது. அப்படி ஒருத்தி இருந்தால் அவள் எப்படி இருப்பாள் என்றுகூட ஒரு நாள் யோசித்துப் பார்த்தாள், யோசித்து, அவளுக்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்து, தன்னையே நினைத்துச் சீ என்று எழும்பிப்போய் முகம் கழுவினாள். போன கிழமை ரீச்சர்தான் வழியைத் தந்தா, தந்தது வழி என்று ரீச்சருக்குத் தெரியாது. "கிட்ட இருக்கிறதையே சொல்லிச் சொல்லி நீ திஸ்ஸுக்கை நிக்கிறாய். மனுசன் எடுக்கேக்கை அவரைச் சாமான் காட்டச் சொல்லு. அவர் திஸ் எண்டு கேக்கட்டும், நீ தட் எண்டு சொல்லு. உன்ர உது வருத்தத்துக்கு அதுதான் மருந்து." கௌரி போன ஞாயிறே அவரிடம் கேட்டாள். பேந்து பாப்பம், பிறகொரு நாள் காட்டுறன் என்றார். இன்றைக்குத்தான் அந்தப் பேந்து. சுளகில் இலை முடிந்துவிட்டது, வெறும் காம்பைத்தான் கொஞ்ச நேரமாக உருவிக்கொண்டிருக்கிறாள்.

போன் அடித்தது. உப்புப் போத்தல் நடுங்கியது. கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்தாள். சுவர், கீறல், முகம். "என்ன, படிச்சனியோ?" என்றார். "படிச்சனான். சாப்பிட்டனீங்களோ?" "இப்பதான் எழும்பினது." "இஞ்சேருங்கோ, ரீச்சர் சொன்னதைக் கேட்டனான் எல்லே, சாமான் காட்டுறது. இண்டைக்குக் காட்டுங்கோ." முகம் கொஞ்சம் அசைந்தது. "றோட்டைக் காட்டட்டே? பஸ் எல்லாம் போகுது, வடிவா இருக்கும்." றோட்டு என்றால் லண்டன் முழுக்கத் தட்தான், படிக்க நல்லதுதான், சரி என்று சொல்லிவிட்டால் இந்த ஞாயிறும் சுவரோடு போய்விடும், நாளைக்குக் காலையில் எழும்பி அவளால் பல் தீட்ட முடியும், மாமிக்குத் தேத்தண்ணி போட முடியும். கேட்காவிட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். "வீட்டுக்குள்ளை இருக்கிற சாமான்தான் சோதனையிலை கேப்பினம்," என்றாள். பச்சைப் பொய். அவர் கீழே பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார். "கௌரி, அடுத்த கிழமை..." "அடுத்த கிழமை சோதனை முடிஞ்சிடும்." கொஞ்ச நேரம் கீறல் மட்டும்தான் தெரிந்தது, முகத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். பிறகு குரல் வந்தது. "சரி. ஆனா மெதுவாக் கதை. பலத்துக் கதைக்காதை." மெதுவாகக் கதை. அங்கே நித்திரை கொள்கிறார்கள். யாரோ நித்திரை.

சுவர் ஆடியது. படிகள் தெரிந்தன, ஒடுங்கிய, கம்பளம் தேய்ந்த படிகள். அப்போதுதான் விளங்கியது, இவ்வளவு காலமும் அவர் நின்றது மாடிப்படியில், அதுதான் அந்த முழக்கம். ஒரு கதவு. "வட் இஸ் திஸ்?" என்று காதோடு காதாகக் கேட்டார். கதவு அவர் கையில், அவருக்குக் கிட்ட, உது, ஆனால் போன் இவள் கையில், கதவு போனுக்குள், அப்படியென்றால் கதவு இவள் உள்ளங்கையில் அல்லவா இருக்கிறது, இது. கண்ணை மூடிக்கொண்டு தட் எண்டு சொல்லு. "தட் இஸ் எ டோர்." கதவு திறந்தது. இருட்டு. யன்னலில் திரைச்சீலைக்குப் பதிலாகப் போர்வை. "தட் இஸ் எ விண்டோ," கேட்காமலே சொன்னாள், குரல் தன் குரல்போல் இல்லை. "வட் ஆர் தீஸ்?" நிலத்தில் சப்பாத்து. "தோஸ் ஆர் ஷூஸ்." சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள். சப்பாத்து, அதற்குப் பக்கத்தில் சப்பாத்து, சேறு பிடித்தது, வெள்ளை, முன்பக்கம் பிய்ந்தது, கதவிலிருந்து யன்னல்வரை சப்பாத்து, எல்லாம் ஆம்பிளைச் சப்பாத்து. கோயில் திருவிழாவில் வாசலில் கிடக்கிற மாதிரிக் கிடந்தன. போன் மேலே எழும்பியது. இரும்புக் கட்டில், அதற்கு மேல் இன்னொரு கட்டில். எதிர்ச் சுவரிலும் அப்படி. கட்டில் கம்பியெல்லாம் துவாய், சறம், வேலைக்குப் போடுகிற மஞ்சள் சட்டை. கீழ்க்கட்டிலில் தலைவரைக்கும் மூடிக்கொண்டு ஓர் உருவம், வெளியில் தெரிந்தது வெடித்த குதிக்கால். "உது ஆர்?" என்றாள் மூச்சுக்குள். "மட்டக்களப்பு ஆள். இரவு வேலை, விடியத்தான் வந்து படுத்தவர்," என்றார் அவரும் மூச்சுக்குள். கௌரியின் கண் அந்த அறையை மூலை மூலையாகத் துழாவியது. அவளுக்குத் தெரியும், தான் என்ன தேடுகிறோம் என்று. ஒரு வளையல், ஒரு கொண்டை ஊசி, கழுவிப் போட்ட ஒரு பாவாடை. அந்த அறையில் ஒரு பொம்பிளைக் கால் நின்று எத்தனை வருஷமோ. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு ஒன்று வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. இவ்வளவுதானா. என்ர சாமி, இவ்வளவுதானா.

அவர் ஏணியில் ஏறினார். போன் கண்டபடி ஆடி, பிறகு நின்றது. மேல்கட்டில். கூரை தலையில் இடிக்கிற உயரத்தில், அவர் குனிந்துதான் இருந்தார். சுவர் இல்லாமல் அவர் முகத்தைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது, இளைத்திருந்தார், ஏன் இவ்வளவு நாள் இது தெரியவில்லை. "அண்டைக்கு நீ பெயில் எண்டு சொன்னாயே," என்றார். "ம்." "எனக்கு நிம்மதியா இருந்தது, கௌரி." சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை, கம்பியில் தொங்கின துவாயைப் பார்த்தார். "நீ பாஸ் பண்ணினா உன்னை எங்கை கொண்டுவந்து வைக்கிறது? தனி அறை ஒண்டு பாத்து வச்சனான், அது கை நழுவிப் போச்சு. அம்மாவுக்கு நான் வீடெண்டு சொன்னதே இல்லை. அவவாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ, நான் இல்லை எண்டு சொல்லேல்லை. பேந்து எப்பிடிச் சொல்லுறது? நீ பெயில் எண்ட உடனை, அப்பாடா, இன்னும் கொஞ்ச நாள் கிடக்கெண்டு... ஒரு மனுசன் அப்பிடி நினைக்கலாமோ?" கௌரிக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம் வந்தது. ஆக அந்த மூச்சில் வால் இருந்தது, அவள் காது சரி. காது சரி, காதுக்குப் பின்னால் இருந்த மண்டைதான் பிழை. என்னிடம் சொல்ல என்ன? நான் என்ன மாமியா, தோட்டம் கேட்டு அழ? ஒரு கிழமையா, ஒரு மாதமா, மூன்று வருஷம் மாடிப்படியில் குளிருக்குள் நின்று, ஆள் ஏறி இறங்கும்போது ஒதுங்கி நின்று, சிரித்த முகத்தைச் சுவருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாரே. இந்த மனுசனையா நான் அவர் என்று சொன்னேன். ஏசவேண்டும் போல் இருந்தது. கொழும்பில் திறந்த மாதிரியே வாய் திறந்து நின்றது.

அவருக்கும் அந்த மௌனம் பொறுக்கவில்லை. ஆம்பிளைகள் இப்படியான நேரத்தில் ஏதாவது வேலைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அவர் பாடத்துக்குள் ஒளிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் கட்டிலின் தலைமாட்டுக்குத் திருப்பினார். "வட் ஆர் தீஸ்?" பூப்போட்ட உறை, நடுவில் தலைவைத்த பள்ளம். "தட் இஸ் எ பில்லோ," என்றாள். "பிழை. தீஸ் எண்டு கேட்டா என்ன சொல்லோணும்?" "தோஸ்." "அப்ப சொல்லு." "ஒண்டுதானே கிடக்கு? ஒண்டைப் பாத்துத் தோஸ் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் கேட்டதுதான் பிழை." கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை தலையணைக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய், எதையோ பிடித்து இழுத்தது. சரசரவென்று சத்தம். கீழே மட்டக்களப்பு ஆள் புரண்டார், கை நின்றது, பிறகு மெதுவாக மெதுவாக இழுத்தது. இன்னொரு தலையணை. கடையில் விற்கிற பிளாஸ்ரிக் உறைக்குள்ளேயே, ஒட்டின தாள்கூடக் கிழிக்காமல். "நீ முதல்தரம் சோதனைக்குப் போன கிழமை வாங்கினது," என்றார். "பெயில் எண்ட பிறகு திருப்பிக் குடுத்திருக்கலாம். மனம் வரேல்லை. இதை இதுக்கை வச்சுக்கொண்டு படுக்க இடமும் காணாது." இவள் வராவிட்டால் நிம்மதி என்று இருந்த மனுசன், அவளுக்கென்று வாங்கின தலையணைக்கு இடம் விட்டு ஒடுங்கிப் படுத்திருக்கிறார், இரண்டும் ஒரே ஆள்தான், இரண்டும் உண்மைதான். இதைச் சொல்ல எந்த வகுப்பில் படிப்பது.

"என்ன பிள்ளை, தம்பியோ கதைக்கிறான்?" மாமியின் குரல் முன்னறையில் செற்றியில் இருந்து வந்தது. பகல் நித்திரை முடிந்துவிட்டது. "வீடு காட்டுறான் போலை. எனக்குக் கண்ணாடி இல்லாமல் ஒண்டும் தெரியாது, நீ பாத்துச் சொல்லு. எப்பிடி இருக்காம் வீடு?" போனுக்குள் அவர் கை அந்தப் பிளாஸ்ரிக் உறைமேல் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. கௌரி அந்த இரும்புக் கம்பிகளைப் பார்த்தாள், போர்வை தொங்கின யன்னலைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது, இந்தத் தரம் சொல்லும் வந்தது. "வடிவாயிருக்கு மாமி," என்று பலத்துச் சொன்னாள். "கட்டில் எல்லாம் கனக்கக் கிடக்கு. விருந்தாளியள் வந்தாலும் படுக்கலாம்." "நான் சொன்னனான் எல்லே," என்றா மாமி, சொல்லிக்கொண்டே வெற்றிலைத் தட்டத்தை இழுத்தா. அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது, நித்திரை கொள்கிற ஆளை எழுப்பாமல், தலையணையில் முகத்தை வைத்து அமத்தின சிரிப்பு, நடுவில் அது சிரிப்பு இல்லாமலும் போனது. கௌரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போய், கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "உந்த உறையைக் கழட்டாதேங்கோ. நான் வந்து கழட்டுறன்."